கிளீவ்லேண்ட் அவென்யூ தடம்: மாண்ட்கோமரியில் ஒரு நகரப் பேருந்து ஓடிய விதமும் நிறுத்தப்பட்ட விதமும்

1955 டிசம்பர் 1 அன்று மாலை ரோசா பார்க்ஸ் இருக்கையிலிருந்து எழ மறுத்தார் என்பதை நம் மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். வேலை முடிந்து களைத்திருந்த தையற்காரப் பெண், கண்டிப்பான ஓட்டுநர், ஒரு மறுப்பு, அதைத் தொடர்ந்து ஒரு தேசத்தின் மனமாற்றம் என்று அந்தக் கதை பெரும்பாலும் சொல்லி முடிக்கப்படுகிறது. இதில் காணாமற்போவது பேருந்துதான். அதன் உரிமையாளர் யார், பயணிகள் யார், எந்த விதிப்படி இருக்கைகள் பிரிக்கப்பட்டன, ஓட்டுநரின் கையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது, பேருந்தைத் துறந்த மக்கள் ஓராண்டுக்கும் மேலாக எதில் ஏறி வேலைக்குச் சென்றார்கள் என்ற கேள்விகளுக்கு விடை தெரியாமல் அந்த மறுப்பின் பொருளை முழுமையாக அறிய இயலாது. நிறவொதுக்கல் சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தது உண்மை. ஆயினும் அது அன்றாடம் உயிர்வாழ்ந்தது பேருந்தை இயக்கும் முறைக்குள்தான்.

அலபாமா மாநிலத்தின் தலைநகரான மாண்ட்கோமரி, நகரம் முழுவதற்குமான மின்சார டிராம் வண்டிகளை அமெரிக்காவில் மிக முன்னதாகவே ஓடவிட்ட நகரங்களுள் ஒன்று. 1886இல் தொடங்கிய அச்சேவைக்கு 'மின்னல் தடம்' என்பது மக்கள் இட்ட பெயர். 1900இல் நகராட்சி டிராம்களில் நிறப்பிரிவினையைக் கட்டாயமாக்கியபோது, கறுப்பின மக்கள் அவற்றில் ஏறுவதை நிறுத்தினார்கள். சுமார் இரண்டாண்டுகள் நீடித்த அந்தப் புறக்கணிப்பில் டிராம் நிறுவனம் வருவாயை இழந்தது. அதன் விளைவாக, வேறு இருக்கை காலியாக இல்லாதபோது எவரையும் எழச் சொல்லக்கூடாது என்ற திருத்தம் விதியில் சேர்ந்தது. 1936இல் டிராம்கள் நிறுத்தப்பட்டுப் பேருந்துகள் வந்தன. திருத்தம் ஏட்டில் தங்கியது. ஓட்டுநர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 1955ஆம் ஆண்டின் போராட்டம் வெற்றிடத்தில் பிறந்ததன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். அதே நகரில், அதே கோரிக்கைக்காக, அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு தலைமுறை நடந்து காட்டியிருந்தது.

1950களில் அந்நகரப் பேருந்துகளை இயக்கியது 'மாண்ட்கோமரி சிட்டி லைன்ஸ்' என்ற தனியார் நிறுவனம். அது சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்ட 'நேஷனல் சிட்டி லைன்ஸ்' குழுமத்தின் கிளை. பல நகரங்களின் போக்குவரத்தைக் கையில் வைத்திருந்த அக்குழுமம், ஜெனரல் மோட்டார்ஸ் முதலிய நிறுவனங்களோடு சேர்ந்து பேருந்து மற்றும் எரிபொருள் விற்பனையில் ஏகபோகத்துக்குச் சதி செய்ததாக 1949இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டது. ஆக, நிறுவனத்தின் முதலாளிகள் வடக்கே சிகாகோவில் இருந்தார்கள். இயக்க உரிமத்தை வழங்கியது மாண்ட்கோமரி நகர ஆட்சிக்குழு. பயணிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கறுப்பின மக்கள். கட்டணப் பெட்டியை நிரப்பியவர்களுக்குப் பேருந்தின் மீது எந்த அதிகாரமும் இல்லை. ஓட்டுநராக ஒரு கறுப்பினத்தவர்கூட அமர்த்தப்படவில்லை.

கிளீவ்லேண்ட் அவென்யூ தடம் நகரின் மையமான கோர்ட் சதுக்கத்திலிருந்து புறப்பட்டு, மேற்கே கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்குச் சென்றது. கோர்ட் சதுக்கம் 19ஆம் நூற்றாண்டில் அடிமைகளை ஏலம்விட்ட சந்தை. அதையொட்டிய கடைத்தெருவில்தான் பார்க்ஸ் வேலைசெய்த பல்பொருள் அங்காடி இருந்தது. அவருடைய வீடோ கிளீவ்லேண்ட் அவென்யூவில் கறுப்பின மக்களுக்கென அரசு கட்டிய அடுக்குக் குடியிருப்பில். இந்தத் தடத்தின் பயணிகளில் பெரும்பாலோர் அவரைப் போன்ற உழைக்கும் பெண்களே: வெள்ளையர் வீடுகளில் சமைப்பவர்கள், துணி வெளுப்பவர்கள், குழந்தை வளர்ப்பவர்கள்.

இனி வண்டிக்குள் நுழைவோம். ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த அவ்வகைப் பேருந்தில் 36 இருக்கைகள். முன்னால் உள்ள 10 இருக்கைகள் வெள்ளையருக்கு. ஒரு வெள்ளையர்கூட வண்டியில் இல்லாவிடினும் அவற்றில் கறுப்பினத்தவர் அமரக்கூடாது. பின்னால் உள்ள 10 இருக்கைகள் கறுப்பினத்தவருக்கு என்பது வழக்கம். நடுவில் உள்ள 16 இருக்கைகள்தான் நாள்தோறும் பூசல் எழுந்த இடம். அவை யாருக்கு என்பதை அந்தந்த நேரத்தில் ஓட்டுநரே தீர்மானித்தார். முன்வரிசைகள் நிரம்பிவிட்டால், எல்லைக் கோடு ஒரு வரிசை பின்னே நகரும். ஒரே வரிசையில், நடைபாதைக்கு அப்பாலும்கூட, இரு நிறத்தவரும் அமரக்கூடாது. எனவே ஒரு வெள்ளையர் அமர வேண்டுமானால் அந்த வரிசையில் இருக்கும் நான்கு கறுப்பினத்தவரும் எழ வேண்டும்.

டிசம்பர் 1 அன்று நடந்தது இதுவே. எம்பயர் திரையரங்க நிறுத்தத்தில் வெள்ளையர் சிலர் ஏற, ஒருவருக்கு மட்டும் இடமில்லை. நடுப்பகுதியின் முதல் வரிசையில் பார்க்ஸும் வேறு மூவரும் இருந்தார்கள். நால்வரையும் எழச் சொன்னார் ஓட்டுநர் ஜேம்ஸ் பிளேக். மூவர் எழுந்தார்கள். ஒரே ஒருவர் அமர்வதற்காக நான்கு பேர் நிற்க வேண்டும் என்ற கணக்கு அங்கே யாருக்கும் வியப்பளிக்கவில்லை. தீட்டு என்பது உடல்கள் தொடுவதைப் பற்றிய அச்சம் மட்டுமன்று. சமமான உயரத்தில், ஒரே வரிசையில் அமர்வதைப் பற்றிய அச்சமும்தான். தேநீர்க் கடை வாங்குப் பலகையையும் ஊராட்சி மன்ற நாற்காலியையும் அறிந்த நமக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

ஏறும் முறையும் ஒரு சடங்காகவே இருந்தது. நடத்துநர் இல்லாத பேருந்து. முன்வாயிலில் ஏறி ஓட்டுநர் அருகே உள்ள பெட்டியில் 10 சென்ட் போட வேண்டும். பிறகு கறுப்பினப் பயணிகள் கீழே இறங்கி, வெளியே நடந்துபோய், பின்வாயிலில் ஏற வேண்டும் என்று பல ஓட்டுநர்கள் வற்புறுத்தினார்கள். இறங்கியவர் பின்வாயிலை அடையும் முன்பே வண்டியைக் கிளப்பிவிடுவதும் உண்டு. 1943இல் இவ்வாறு இறங்கி ஏற மறுத்ததற்காக பார்க்ஸ் ஒருமுறை வண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அன்றைய ஓட்டுநரும் இதே பிளேக்தான். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் அவர் வண்டியிலேயே ஏற நேர்ந்தது.

இவை ஓட்டுநரின் தனிப்பட்ட குணக்கேடுகள் அல்ல. நகரச் சட்டத் தொகுப்பின் 6ஆம் அத்தியாயம், பேருந்தை இயக்கும் வேளையில், நிறப்பிரிவினையை அமலாக்கும் பொருட்டு, ஓட்டுநருக்குக் காவல் அதிகாரியின் அதிகாரத்தை வழங்கியிருந்தது. தனியார் நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் வண்டியின் சக்கரத்தைப் பிடித்த கணத்தில் அரசாகவே மாறினார். அந்த அதிகாரம் வெறும் மிரட்டலாக நின்றதில்லை. 1950இல் ஹில்லியார்டு புரூக்ஸ் என்ற கறுப்பின முன்னாள் படைவீரர் பேருந்தில் எழுந்த தகராறின் முடிவில் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்.

நிறுத்தங்களிலும் பாகுபாடு இருந்தது. வெள்ளையர் குடியிருப்புகளில் ஒவ்வொரு தெருமுனையிலும் நின்ற பேருந்து, கறுப்பினப் பகுதிகளில் ஒன்றுவிட்டு ஒரு முனையில்தான் நின்றது. இதை முதலில் கோரிக்கையாக எழுதியவர்கள் பெண்கள். அலபாமா மாநிலக் கல்லூரியின் ஆங்கில ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் தலைமையிலான பெண்கள் அரசியல் குழு, 1954 மே மாதம் மேயர் கெய்லுக்குக் கடிதம் அனுப்பியது. கறுப்பினத்தவர் பின்னிருந்தும் வெள்ளையர் முன்னிருந்தும் இருக்கைகள் நிரம்பும்வரை அமரட்டும். முன்னே பணம் கட்டிப் பின்னே ஏறும் வழக்கம் ஒழியட்டும். எங்கள் பகுதியிலும் எல்லா முனைகளிலும் பேருந்து நிற்கட்டும் என்பன கோரிக்கைகள். இல்லையேல் பல அமைப்புகள் புறக்கணிப்பைப் பற்றி ஆலோசித்து வருகின்றன என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய கடிதம் இது.

அவர் கைதான இரவே ராபின்சன் கல்லூரிக்குச் சென்று, ஓரிரு மாணவர்களின் துணையோடு, விடியும்வரை பல்லாயிரம் துண்டறிக்கைகளைச் சைக்ளோஸ்டைல் எடுத்தார். கட்டளைக்குக் காத்திராமல் அவை நகரெங்கும் சென்றன. மார்ட்டின் லூதர் கிங் என்ற 26 வயதுப் போதகர் மாண்ட்கோமரி மேம்பாட்டுச் சங்கத்தின் தலைவரானது டிசம்பர் 5 அன்று, முதல் நாள் புறக்கணிப்பு வெற்றி பெற்ற பின்புதான். அதே நாளில் பார்க்ஸுக்கு 10 டாலர் அபராதமும் 4 டாலர் வழக்குச் செலவும் விதிக்கப்பட்டன. எழுந்து நின்றால் வேறு இருக்கை கிடைக்காத நிலையில் ஒருவரை எழச் சொல்வது நகர விதிக்கே முரணானது என்பதால், மாநிலச் சட்டத்தைக் காட்டித்தான் அரசுத் தரப்பால் வழக்கை நடத்த முடிந்தது.

தொடக்கக் கோரிக்கைகள் எவ்வளவு அடக்கமானவை என்பது இன்று வியப்பளிக்கும். மரியாதையான நடத்தை, முதலில் வருபவர் முதலில் அமரும் முறை, கறுப்பினப் பயணிகள் மிகுந்த தடங்களில் கறுப்பின ஓட்டுநர்கள் என்பவை அவை. பிரிவினையை அடியோடு நீக்கும்படி அவர்கள் கேட்கவில்லை. அதே மாநிலத்தின் மொபைல் நகரில், அதே நேஷனல் சிட்டி லைன்ஸ் குழுமம், இத்தகைய இருக்கை முறையை ஏற்கெனவே நடைமுறையில் வைத்திருந்தது. ஒரே நிறுவனம், ஒரே மாநிலச் சட்டம். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை? சட்டம் தடுக்கிறது என்ற பதிலின் பொய்மை இந்த ஒரு கேள்வியில் வெளிப்பட்டது. அடக்கமான கோரிக்கையும் மறுக்கப்பட்ட பிறகே, 1956 பிப்ரவரி 1 அன்று வழக்கறிஞர் ஃபிரெட் கிரே பிரிவினைச் சட்டத்தையே எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்.

இதற்கிடையே மக்கள் வேலைக்குச் சென்றாக வேண்டும். போராட்டத்தின் மிகச் செறிவான பகுதி இதுவே என்பது என் கருத்து. முதல் நாட்களில் கறுப்பின டாக்சி ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற பழைய விதியை நகரம் தூசுதட்டி எடுத்தது. உடனே கூட்டு வாகன ஏற்பாடு பிறந்தது. 1953இல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் ஒரு வாரம் நடந்த பேருந்துப் புறக்கணிப்பை வழிநடத்திய போதகர் ஜெமிசனிடம் கிங் தொலைபேசியில் ஆலோசனை கேட்டார். முன்னாள் கால்பந்துப் பயிற்றுநரான ரூஃபஸ் லூயிஸ் போக்குவரத்துக் குழுவுக்குப் பொறுப்பேற்றார். சுமார் 300 கார்கள் சேர்ந்தன. காலையில் ஆட்களை அனுப்பும் இடங்களும் மாலையில் ஏற்றிக்கொள்ளும் இடங்களும் தனித்தனியே 40க்கு மேல் குறிக்கப்பட்டன. சமையற்காரப் பெண் எந்தத் தெருவில் வேலைசெய்கிறார், எத்தனை மணிக்கு வெளியே வருவார் என்ற கணக்கிலிருந்து தடங்கள் வகுக்கப்பட்டன. நகரின் பேருந்து நிறுவனம் ஒருபோதும் கேட்காத கேள்விகள் அவை. பின்னர் தேவாலயங்களின் பெயரில் ஸ்டேஷன் வேகன்கள் வாங்கப்பட்டன. 'உருளும் தேவாலயங்கள்' என்று மக்கள் அவற்றை அழைத்தார்கள்.

இதற்கான பெட்ரோல் செலவு எங்கிருந்து வந்தது? வெளியூர் நன்கொடைகள் ஒருபுறம் இருக்க, ஜார்ஜியா கில்மோர் என்ற சமையற்காரர், பெண்களைத் திரட்டிக் கோழிக் கறியும் பணியாரங்களும் செய்து விற்றுப் பணம் சேர்த்தார். யார் கொடுத்தார்கள் என்று வெள்ளை முதலாளிகள் தேடினால் விடை கிடைக்கக்கூடாது என்பதற்காக அக்குழுவுக்கு 'எங்கிருந்தோ வந்த சங்கம்' என்ற பொருளில் பெயர் வைக்கப்பட்டது. வேலை பறிபோகும் அச்சத்தில் வாழ்பவர்களுக்கே இப்படியொரு பெயர் தோன்றும்.

ஆதிக்கத் தரப்பின் எதிர்வினையும் பெரும்பாலும் போக்குவரத்து வடிவிலேயே வந்தது. கறுப்பினப் பகுதித் தடங்கள் குறைக்கப்பட்டன. 1956 ஜனவரியில் பேருந்துக் கட்டணம் 15 சென்டாக உயர்ந்தது. கூட்டு வாகன ஓட்டிகள் சிறு சிறு போக்குவரத்துக் குற்றங்களுக்காகப் பிடிக்கப்பட்டார்கள். வண்டிகளுக்கான காப்பீடு ரத்தானபோது, அட்லாண்டாவின் கறுப்பினக் காப்பீட்டு முகவர் ஒருவர் வழியாக லண்டனின் லாயிட்ஸ் நிறுவனத்திடம் காப்பீடு பெறப்பட்டது. கிங், நிக்சன் ஆகியோரின் வீடுகளில் குண்டுகள் வெடித்தன. பிப்ரவரியில் 1921ஆம் ஆண்டின் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தின்கீழ் 89 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. வேலைக்காரப் பெண்களைத் தங்கள் கார்களில் அழைத்து வரவேண்டாம் என்று மேயர் வெள்ளை இல்லத்தரசிகளை வேண்டிக்கொண்டார். வீட்டுவேலை தடைப்படுவதை விரும்பாத பலர் அதைக் கேட்கவில்லை.

ஏப்ரல் மாதத்தில் ஒரு வினோதம் நடந்தது. நட்டத்தில் தவித்த பேருந்து நிறுவனம், தென் கரோலினா வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் எடுத்த முடிவைக் காட்டி, இனிப் பிரிவினையை அமலாக்கப் போவதில்லை என அறிவித்தது. நகர ஆட்சி அதை ஏற்காமல் நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடுத்தது. மாநில நீதிபதி நகரத்துக்குச் சாதகமாக ஆணையிட்டார். முதலாளிக்கு இலாபமே பெரிது, சந்தை தானாகவே பாகுபாட்டைக் கரைத்துவிடும் என்று நம்புவோர் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். முதலாளி விட்டுக்கொடுத்தார், உரிமம் வழங்கும் அரசு விடவில்லை.

உரிமத்தின் ஆற்றல் எதிர்த்திசையிலும் இயங்கும் என்பதற்குத் தமிழகத்தில் சான்று உண்டு. ஆதிதிராவிடரை ஏற்ற மறுத்த தனியார் பேருந்துகளின் உரிமத்தை ரத்து செய்வதாக ஆணையிட்டவர், சுயமரியாதை இயக்கத்தைச் சேர்ந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். அப்போது அவர் இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவர். ஒப்பிட வேண்டிய இன்னொன்றும் இங்கேயே இருக்கிறது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டபோது, அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மறுத்து ஆதிக்கச் சாதியினர் வன்முறையில் இறங்கினர். முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களே அகற்றப்பட்டன. பேருந்தைப் புறக்கணிப்பது என்ற செயல் தன்னளவில் விடுதலைக்கானதன்று. யார், எதற்காகப் புறக்கணிக்கிறார்கள் என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது.

மாண்ட்கோமரி வழக்கில் வாதிகளாக நின்றவர்களில் பார்க்ஸ் இல்லை. அவருடைய மேல்முறையீடு மாநில நீதிமன்றங்களில் சிக்கிக் கிடக்கும் என்று கிரே கருதினார். ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்டு, கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித் ஆகிய நான்கு பெண்களே இறுதிவரை நின்ற வாதிகள். ஐந்தாவதாக இருந்தவர் மிரட்டலுக்கு உள்ளாகி விலகினார். கால்வின் 1955 மார்ச் 2 அன்று, பார்க்ஸுக்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே, வேறொரு தடத்தில் எழ மறுத்துக் கைதானவர். அப்போது அவருக்கு வயது 15. ஏழைக் குடும்பத்துப் பிள்ளை, இளையவர், பின்னர் கருவுற்றவர் என்பதால் இயக்கத்தின் முகமாக அவரைத் தலைவர்கள் முன்னிறுத்தவில்லை. மதிப்புக்குரிய தோற்றம் வேண்டும் என்ற அந்தக் கணக்கு உத்தியாகச் சரியாக இருந்திருக்கலாம். ஒரு சிறுமிக்கு அது இழைத்த அநீதி சிறியதன்று. அவருடைய சிறார் குற்றப் பதிவு 2021இல்தான் நீதிமன்றத்தால் அழிக்கப்பட்டது.

1956 ஜூன் 5 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், பேருந்துப் பிரிவினை அரசமைப்புக்கு எதிரானது எனத் தீர்ப்பளித்தது. நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தச் செய்தி வந்து சேர்ந்த வேளையில் கிங் மாண்ட்கோமரியில் மற்றொரு நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தார். உரிமமின்றி நடக்கும் போக்குவரத்துத் தொழில் என்று கூட்டு வாகன ஏற்பாட்டுக்குத் தடை கேட்டு நகரம் தொடுத்த வழக்கு அது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அதே நாளில் அந்தத் தடையும் வழங்கப்பட்டது. ஆணை எழுத்து வடிவில் நகரை வந்தடையும்வரை, ஐந்து வாரங்களுக்கு மேல், மக்கள் வாகன ஏற்பாடும் இன்றி நடந்தும் அண்டை வீட்டாரின் உதவியாலும் வேலைக்குச் சென்றார்கள். டிசம்பர் 20 அன்று ஆணை வந்தது. 381 நாட்கள் முடிந்தன.

மறுநாள் பேருந்துகள் எல்லோரையும் எங்கு வேண்டுமானாலும் அமரவிட்டு ஓடின. ஒரு வாரத்துக்குள் பேருந்துகளை நோக்கித் துப்பாக்கிச் சூடு தொடங்கியது. கருவுற்றிருந்த கறுப்பினப் பெண் ஒருவர் இரு கால்களிலும் சுடப்பட்டார். மாலை நேரச் சேவை சிலகாலம் நிறுத்தப்பட்டது. 1957 ஜனவரியில் நான்கு தேவாலயங்களில் குண்டு வெடித்தது. பார்க்ஸ் ஏற்கெனவே அங்காடி வேலையை இழந்திருந்தார். மிரட்டல்களும் வேலையின்மையும் சேர்ந்து அவரை 1957இலேயே டெட்ராய்ட் நகருக்குக் குடிபெயரச் செய்தன.

கிளீவ்லேண்ட் அவென்யூவுக்கு இன்று ரோசா எல். பார்க்ஸ் அவென்யூ என்று பெயர். அவர் ஏறிய 2857ஆம் எண் வண்டி, ஓய்வுக்குப் பின் பல ஆண்டுகள் ஒரு வயலில் தட்டுமுட்டுச் சாமான்கள் போடும் கொட்டகையாகக் கிடந்தது. 2001இல் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் அதை 4,92,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்துப் புதுப்பித்தது. அதே காலத்தில் மாண்ட்கோமரியின் பேருந்துகள் என்ன ஆயின என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1960களில் கறுப்பினக் குடியிருப்புகளை ஊடறுத்து நெடுஞ்சாலைகள் போடப்பட்டன. கார் வைத்திருந்த வெள்ளையர் புறநகரங்களுக்குப் போனார்கள். பேருந்து கறுப்பின ஏழைகளின் வண்டி ஆயிற்று. கூட்டாட்சி அரசின் நிதியுதவி குறைந்ததைக் காட்டி, 1990களின் இறுதியில் நகர ஆட்சி நிலையான தடங்களைக் கைவிட்டு, முன்னதாகத் தொலைபேசியில் பதிவு செய்தால் மட்டும் வரும் வண்டிகளை வைத்துச் சமாளித்தது. மருத்துவமனைக்கும் வேலைக்கும் செல்ல வேண்டியவர்கள் அமைப்பாகத் திரண்டு மீண்டும் கோரிக்கை வைத்த பிறகு, 2000ஆம் ஆண்டையொட்டித் தடங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எந்த முனையில் நிற்க வேண்டும், எத்தனை மணிக்கு ஒருமுறை வர வேண்டும் என்பவை அப்போதும் பேச்சுவார்த்தையில் இருந்தன.